தமிழ் ஆய்வேட்டை ஷோத்கங்காவில் ஏற்றுவதற்கு முன்

உங்கள் ஆய்வேட்டின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, "தொல்காப்பியம்" என்ற சொல் உள்ள ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சொல் அப்படியே விழுந்தால் நல்லது. ஒற்றைக்கொம்பு தனியே பிரிந்து முன்னால் நின்று "ெதால்காப்பியம்" என்று விழுந்தால் சிக்கல். தமிழே வராமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து விழுந்தால் பெரிய சிக்கல். எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது எழுத்தல்ல, பக்கங்களின் படம்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். ஆனால் நான்கைந்து ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேடு பிறர் கண்ணில் படுமா, படாதா என்பதில் பாதி இந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல இணையத்தில் இருந்தும் இல்லாதவை போலக் கிடப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆய்வு மோசம் என்பதால் அல்ல, எழுத்துரு மோசம் என்பதால் அவை தேடலில் அகப்படுவதில்லை.

முதலில், ஆய்வேட்டின் மின்படியை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்துக்கு ஒப்படைக்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு எம்.ஃபில்., பி.எச்டி. விதிமுறைகள்தாம் ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கின. மதிப்பீடு முடிந்து, பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே மின்படியை இன்ஃப்ளிப்நெட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 2016 விதிமுறைகள் தெளிவாகச் சொல்லின. 2022 விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தின, முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான மின்படிக் கடமையைத் தொடர்ந்தன. இன்ஃப்ளிப்நெட் என்பது குஜராத்தின் காந்திநகரில் இயங்கும், மானியக் குழுவின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையம். அது நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம்தான் ஷோத்கங்கா. ஆய்வைத் தொடங்கும்போதே கொடுக்கும் ஆய்வு முன்மொழிவுகளுக்கு ஷோத்கங்கோத்ரி என்று தனிக் களஞ்சியம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்மொழிவு ஏறிவிட்டது என்பதற்காக ஆய்வேடு ஏறிவிட்டது என்று பொருள் இல்லை.

ஷோத்கங்கா டிஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருளில் இயங்குகிறது. எம்.ஐ.டி.யும் ஹியூலட் பேக்கர்டும் சேர்ந்து உருவாக்கி 2002இல் வெளியிட்டது இது. அதில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சமூகம், அதன் கீழ் ஒவ்வொரு துறையும் ஒரு தொகுப்பு, தொகுப்புக்குள் ஒவ்வொரு ஆய்வேடும் ஓர் உருப்படி. உருப்படிக்குத் தலைப்பு, ஆசிரியர் பெயர் முதலியவை அடங்கிய விவரத்தரவு என்ற ஒரு படிவமும், அதனோடு ஒட்டிய பிடிஎஃப் கோப்புகளும் இருக்கும். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் நூலகம் உங்களிடம் ஏன் இத்தனை கோப்புகளைத் தனித்தனியாகக் கேட்கிறது என்பது விளங்கும்.

இனி எழுத்துருவுக்கு வருவோம். சிக்கலின் வேர் அங்கேதான்.

தமிழ்த் துறைகளின் ஆய்வேடுகள் நெடுங்காலமாக டி.டி.பி. மையங்களில் பாமினி, வானவில், டாம், டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சானவை. இவற்றில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்துக்கு மாட்டிய முகமூடி. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். தேடுபொறி முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகக் குறியாக்கமான யூனிகோடையும், டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. இணையத்துக்குச் செல்லும் எதற்கும் யூனிகோடு ஒன்றே வழி. தட்டச்சு செய்பவர் "பாமினிதான் வேகமாக வரும்" என்று சொன்னால், அதே விசைப்பலகை அமைப்பில் யூனிகோடில் அடிக்க என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகள் உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஏற்கெனவே முந்நூறு பக்கம் பாமினியில் அடித்தாகிவிட்டது என்றால் மாற்ற முடியும், பொறுமை வேண்டும். மாற்றிகள் எழுத்தை ஒன்றுக்கொன்று பதிலிடுபவை. எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி ஆங்கிலம் என்று அவற்றுக்குத் தெரியாது. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் ஒட்டி மாற்றினால், நடுவில் இருக்கும் ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் உளறலான தமிழாகிவிடும். வேர்டில் தேடி மாற்றும் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொண்டு தேடும் வசதி உண்டு. அதைக் கொண்டு டைம்ஸ் நியூ ரோமனில் உள்ள பகுதிகளுக்கு முதலில் ஒரு நிறம் கொடுத்துவிடுங்கள். பிறகு இயல் இயலாக, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். வேர்டில் கண்ட்ரோல் ஏ அழுத்தினால் அடிக்குறிப்புகள் தேர்வாகா என்பதை மறந்துவிட வேண்டாம். உடல் முழுவதும் யூனிகோடாகி, அடிக்குறிப்பு மட்டும் பாமினியிலேயே நிற்கும் ஆய்வேடுகள் இப்படித்தான் உருவாகின்றன. உரைப்பெட்டிகளும் தலைப்புப் பட்டையும் அதே போலத் தப்பிவிடும்.

மாற்றி முடித்தபின் கண்ணுக்குத் தெரியாத பிழைகளைத் தேட வேண்டும். "ஔவை" என்பதில் முதல் எழுத்து ஔ என்ற ஒரே குறியீடாக இருக்க வேண்டும். ஒ, ள என்று இரண்டாக இருந்தால் திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் கிடைக்காது. "கௌ" என்பதிலும் அப்படியே: கொம்பும் ளகரமுமாக அடித்தது வேறு, ஔகாரக் குறியாக அடித்தது வேறு. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்த இடங்களும் உண்டு. "ஸ்ரீ" என்ற எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு வழி உண்டு. பழைய வழி ஸகரத்தில் தொடங்கும். 2005இல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் சேர்ந்தபின் அதில் தொடங்கும் வழியும் வந்தது. இரண்டில் எதையேனும் ஒன்றை ஆய்வேடு முழுவதும் ஒரே சீராக வையுங்கள். பெருமாள் கோயில் கல்வெட்டுகளை ஆய்ந்தவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எழுத்துருவாக நிர்மலா யூஐ, லதா, நோட்டோ, தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் மருதம் என்று எந்த யூனிகோடு எழுத்துருவையும் கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகக் கையேடு ஒன்றைக் குறிப்பிட்டிருந்தால் அதையே கொள்ளுங்கள்.

யூனிகோடில் அடித்துவிட்டால் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த பள்ளம் பிடிஎஃப். தொடக்கத்தில் சொன்ன "ெதால்காப்பியம்" வருவது இந்தக் கட்டத்தில்தான். யூனிகோடில் "தொ" என்பது தகரமும் அதன்பின் ஒகரக் குறியும். காகிதத்தில் வரையும்போதோ முதலில் கொம்பு, நடுவில் தகரம், கடைசியில் கால். பிடிஎஃப் என்பது அடிப்படையில் வரைவதற்கான வடிவம். எந்த உருவை எங்கே வைப்பது என்பதுதான் அதன் கவலை. ஆகவே வரைந்த வரிசையையே எழுத்தின் வரிசையாகத் திருப்பித் தந்துவிடுகிறது. கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய ஆறு வரிசைகளும் இதனால் குலையும். தமிழில் இவை வராத வரியைக் காண்பது அரிது. சில பிடிஎஃப்களில் "மி", "கு", "டி" போன்ற கூட்டுருவங்களும் காணாமற்போய் அந்த இடத்தில் வெற்றிடம் நிற்கும்.

இதற்குத் தீர்வு பிடிஎஃப் வடிவத்திலேயே உண்டு. வரையும் உருக்களின் பின்னால் உண்மையான எழுத்து இன்னதென்று மறைவாகப் பதிந்து வைக்கலாம். மென்பொருள் அதைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் விதி: பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்காதீர்கள். அந்த வழியில் தலைப்புக் கட்டமைப்பும் புத்தகக்குறிகளும் மறைந்துவிடும், எழுத்து விவரமும் கெடக்கூடும். வேர்டில் சேமிக்கும் பெட்டியிலேயே பிடிஎஃப் என்று தேர்ந்து, விருப்பங்கள் என்ற பொத்தானை அழுத்துங்கள். அங்கே பிடிஎஃப்/ஏ (நீண்டகாலக் காப்புக்கான பிடிஎஃப் வகை) இணக்கம், தலைப்புகளிலிருந்து புத்தகக்குறி, அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகள் ஆகிய மூன்றையும் தேர்வு செய்யுங்கள். லிபர் ஆபீஸில் ஏற்றுமதிப் பெட்டியில் பிடிஎஃப்/ஏ என்று தனிக் கட்டம் உண்டு. எழுத்து வரிசையைக் காப்பாற்றுவதில் லிபர் ஆபீஸ் நன்றாகவே செய்கிறது. ஆனால் வேர்ட் கோப்பை அதில் திறந்தால் பக்கங்கள் நகரும். அச்சுப்படியில் 143ஆம் பக்கம் இருந்தது மின்படியில் 145க்குப் போய்விட்டால் பொருளடக்கம் பொய்யாகும். எந்த மென்பொருளில் அச்சுக்குக் கொடுக்கிறீர்களோ அதிலேயே மின்படியையும் எடுங்கள். முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுவோர் உண்மை எழுத்தைப் பதியும் கட்டளையை 1 என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பிறகு அரை நிமிடச் சோதனையை அக்ரோபாட் ரீடரிலும் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸிலும் தனித்தனியே செய்யுங்கள். ஒன்று சரியாகக் காட்டி மற்றொன்று குலைப்பது உண்டு. எவ்வளவு முயன்றும் சரியாகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். விவரத்தரவில் நீங்கள் தரும் ஆய்வுச் சுருக்கமும் குறிச்சொற்களும் பிடிஎஃபைச் சாராதவை. அவை தூய யூனிகோடில் இருந்தால் தேடுபவர் அந்த வழியாக வந்து சேர்வார். சுருக்கத்தைக் கவனமாக எழுதச் சொல்வது இதனால்தான்.

பிடிஎஃப்/ஏ என்பது நீண்டகாலக் காப்புக்காக 2005இல் ஐ.எஸ்.ஓ. 19005 என்று வந்த தரம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் கூடாது, ஒலி ஒளி கூடாது என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். கோப்பு அப்படி இருக்கிறதா என்று வெராபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் சரிபார்க்கலாம். பிறர் நகலெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிக் கடவுச்சொல் போட்டுக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். நூலகம் அதைத் திருப்பித்தான் அனுப்பும். பூட்டிய கோப்பிலிருந்து டிஸ்பேஸ் எழுத்தைப் பிரித்தெடுத்துச் சொல்லடைவு செய்ய முடியாது.

கோப்புகளைப் பிரிக்கும் முறை இதுதான். முழு ஆய்வேட்டையும் ஒரே பிடிஎஃபாகக் கொடுப்பதில்லை. 01 என்ற எண்ணில் தலைப்புப் பக்கம். 02இல் சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை முதலிய முன்பக்கங்கள். 03இல் பொருளடக்கம். 04இல் ஆய்வுச் சுருக்கம். 05இல் முதல் இயல், 06இல் இரண்டாம் இயல் என்று தொடர்ந்து, கடைசி இயலுக்குப் பின் துணைநூற்பட்டியலும் பின்னிணைப்புகளும். இவை தவிர 80 என்ற எண்ணில் பரிந்துரை என்ற பெயரோடு ஒரு கோப்பு வேண்டும். அதில் தலைப்புப் பக்கமும் முடிவுரை இயலும் சேர்ந்திருக்கும். முடிவுரையைத்தான் ஏற்கெனவே ஓர் இயலாகக் கொடுத்துவிட்டோமே என்று இந்த 80ஐ விட்டுவிடுபவர்கள் பலர். அது இருமுறை வருவதுதான் முறை. கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில், எண்ணுக்குப் பின் அடிக்கோடிட்டு இருக்க வேண்டும். எண்ணின் முன் சுழியம் கட்டாயம். அது இல்லாவிட்டால் கணினி 1க்குப் பின் 10ஐ வரிசைப்படுத்தி, தலைப்புப் பக்கத்துக்கு அடுத்துப் பத்தாம் கோப்பைக் கொண்டுவந்து நிறுத்தும். தமிழில் பெயரிட்ட கோப்பு, "இறுதி திருத்தியது புதியது" என்று பெயரிட்ட கோப்பு ஆகியவற்றைத் தவிருங்கள்.

பிரிப்பதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தளங்களில் ஆய்வேட்டை ஏற்ற வேண்டாம். சில தளங்கள் நீர்க்குறி போட்டுத் தரும். வெளிவராத ஆய்வை முகம் தெரியாத சர்வரில் வைப்பதும் நல்லதல்ல. வேர்டின் அதே விருப்பங்கள் பெட்டியில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று கொடுத்து இயல் இயலாக எடுக்கலாம். அல்லது பிடிஎஃப்சாம் போலக் கணினியிலேயே இயங்கும் கருவியைக் கொள்ளலாம். கையொப்பம் உள்ள சான்றிதழ்ப் பக்கங்களை மட்டும் ஸ்கேனரில் 300 டிபிஐயில் எடுத்துச் சேருங்கள். கைப்பேசியில் எடுத்த, ஓரத்தில் விரல் நிழல் விழுந்த படம் ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் ஆவணத்தின் இரண்டாம் பக்கமாக இருக்க வேண்டாம். ஸ்கேன் செயலியின் விளம்பர வரி அடியில் ஒட்டிக்கொண்டு வருவதையும் பாருங்கள்.

சிறிய ஆனால் உறுத்தும் ஒரு பிழை: கோப்பின் பண்புகளில் ஆசிரியர் என்ற இடத்தில் டி.டி.பி. மையத்தின் பெயர் இருப்பது. வேர்ட் நிறுவியபோது கொடுத்த பெயர் தானாக அங்கே போய் உட்கார்ந்துவிடும். ஏற்றுமதிக்கு முன் கோப்பு விவரப் பக்கத்தில் உங்கள் பெயரையும் ஆய்வேட்டின் தலைப்பையும் இடுங்கள். படங்களால் கோப்பு பருத்திருந்தால் படங்களைச் சுருக்குங்கள். கூகுள் ஸ்காலர் 5 எம்.பி.க்கு மேற்பட்ட பிடிஎஃபைத் தன் தேடலில் சேர்ப்பதில்லை.

விவரத்தரவில் மிகவும் தடுமாறும் இடம் பெயர். படிவம் குடும்பப் பெயர் முதலில், கமா, பிறகு தன் பெயர் என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். செ. முருகன் என்பவர் தமிழில் செ. என்று எழுதுவார், ஆங்கிலத்தில் எஸ். என்றோ சி. என்றோ எழுதுவார். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து நிற்கும், கட்டுரைகளில் இன்னொரு விதமாக இருக்கும். ஒரே ஆள் நான்கு ஆளாகிவிடுவார். வழி இதுதான்: தன் பெயரை முதலில் வைத்து, கமா இட்டு, தலைப்பெழுத்தைப் பின்னால் வையுங்கள். பட்டச் சான்றிதழில் வரும் எழுத்துக்கூட்டலையே எங்கும் பின்பற்றுங்கள். நெறியாளர் பெயருக்கும் இதே முறைதான். அதில் "முனைவர்", "பேராசிரியர்" என்ற அடைகளைச் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் பெயர் அகரவரிசையில் வேறிடம் போகும். ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகப் பெற்று ஒப்படைக்கும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு அது பிறரைவிட அதிகம் தேவை.

தலைப்பு, பதிவின்போது பல்கலைக்கழகம் ஏற்ற சொற்களிலேயே, ஓர் ஒற்றுகூட மாறாமல் இருக்க வேண்டும். இடையில் தலைப்பு மாற்றத்துக்கு அனுமதி வாங்கியிருந்தால் அந்த ஆணையைப் பார்த்து எழுதுங்கள். பதிவு செய்த நாள், முடித்த நாள், பட்டம் பெற்ற நாள் என்று மூன்று தேதிகள் கேட்கப்படும், மூன்றும் வேறு வேறு. குறிச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். "இலக்கியம்", "பண்பாடு" என்பவை குறிச்சொல் அல்ல, கடல். "குறவஞ்சி", "தஞ்சை மராத்தியர் காலம்", "நாட்டார் தெய்வ வழிபாடு" என்று ஆய்வின் உண்மைப் பொருளைச் சொல்லுங்கள். இணைவுக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மையத்தில் பதிந்தவர்கள், பல்கலைக்கழகம் என்ற கட்டத்தில் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தையும், துறை அல்லது மையம் என்ற கட்டத்தில் தம் இடத்தையும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் ஆய்வேடு தவறான தொகுப்பில் போய்ச் சேரும்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கை பற்றி அச்சம் அதிகம், அறிவு குறைவு. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய சான்றோடு மேற்கோளாக எடுத்தவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வரா.

தமிழ் ஆய்வேட்டுக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. சங்கப் பாடலை நாம் இடம்விட்டு, வரி பிரித்து, மேற்கோள் குறி இல்லாமல் தருவோம். கண்ணுக்கு அது மேற்கோள். மென்பொருளோ பெரும்பாலும் மேற்கோள் குறியைப் பார்த்துத்தான் ஒதுக்கும். எட்டுத்தொகையை ஆராய்ந்தவருக்கு 30 சதவீதம் வந்தால் அதில் பெரும்பகுதி புலவர்களுடையதாக இருக்கக்கூடும். பாடலுக்கு முன்னும் பின்னும் மேற்கோள் குறி இட்டுவிடுங்கள். அறிக்கையை நெறியாளரோடு அமர்ந்து ஒவ்வொரு வண்ணக் குறியாகப் பாருங்கள், சதவீதத்தை மட்டும் பார்க்க வேண்டாம். இரண்டாவது சிக்கல் இதற்கு நேர்மாறானது: சுழியம் சதவீதம். அப்படி வந்தால் மகிழாதீர்கள். பாமினிக் கோப்பையோ படமாக எடுத்த பிடிஎஃபையோ கொடுத்திருந்தால் மென்பொருள் எதையும் படித்திருக்காது. படிக்காத ஒன்றுக்குக் கிடைத்த சுழியம் அது. நேர்மையாக எழுதிய தமிழ் ஆய்வேட்டில் மேற்கோள்களின் சாயலாவது ஓரிரு சதவீதம் காட்டத்தான் செய்யும்.

பின்னிணைப்பில் நிதானமாக நின்று பார்க்க வேண்டியது தகவலாளர் பட்டியல். நாட்டார் வழக்காறு, வட்டார வழக்கு, இனவரைவியல் ஆய்வுகளில் பெயர், வயது, சாதி, தொழில், ஊர், கைப்பேசி எண் என்று அட்டவணை போடுவது மரபு. நூலக அலமாரியில் ஐந்து படிகள் இருந்த காலத்தில் அதைப் பார்த்தவர்கள் சிலர். ஷோத்கங்காவில் உலகத்தில் யாரும் பார்க்கலாம். தாலாட்டுப் பாடிக் காட்டிய மூதாட்டியின் கைப்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் இணையத்தில் கிடப்பதற்கு அவர் ஒப்பவில்லை. அச்சுப்படிக்கு முன்பே நெறியாளரிடம் பேசி, எண்களையும் கதவெண்களையும் எடுத்துவிடுங்கள். உணர்வு சார்ந்த தகவல் சொன்னவர்களுக்கு த1, த2 என்று குறியீடு கொடுங்கள். உங்கள் தன்விவரக் குறிப்பில் உள்ள ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரியையும் அவ்வாறே நீக்குங்கள். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் வரைந்து மறைப்பது மறைப்பு ஆகாது, அடியில் எழுத்து அப்படியே இருக்கும். மூலக்கோப்பிலேயே அழித்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

களப்பணியில் பதிந்த ஒலிகளைக் குறுந்தட்டில் எழுதி, அட்டையின் பின்பக்கப் பையில் செருகுவது வழக்கம். பை கிழியும், தட்டு கீறும், படிக்கும் கருவியே கணினிகளில் இருந்து மறைந்துவருகிறது. பிடிஎஃப்/ஏக்குள் ஒலியைப் பொதிக்க முடியாது. ஆகவே இணைப்புப் பொருள் உண்டு என்பதை விவரத்தரவில் அதற்குரிய கட்டத்தில் குறிப்பிட்டு, ஒலிக்கோப்புகளைத் தனியாக நூலகத்திடம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். எம்பி3 மட்டும் அல்லாமல் மூலப் பதிவும் இருக்கட்டும்.

பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்கும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்கும் கவலை இல்லை. கவனிக்க வேண்டியவை பின்னிணைப்பில் முழுதாகச் சேர்க்கும் சிறுகதைகள், பிறர் எடுத்த ஒளிப்படங்கள், தனியார் சேகரிப்பிலுள்ள ஓலைச்சுவடிப் படங்கள். இவற்றுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். உங்கள் ஆய்வேட்டின் உரிமை ஷோத்கங்காவுக்குப் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். அங்குள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் பகிரலாம் என்ற நிபந்தனையோடு வெளியாகின்றன. நூலாக்க நினைப்பவரும் காப்புரிமைக்கு (பேட்டண்ட்) விண்ணப்பித்தவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதே, ஆய்வேட்டைச் சிறிது காலம் வெளியிடாமல் வைக்கும் தற்காலிகத் தடைக்காலம் கேட்க வேண்டும். ஏற்றியபின் கேட்பது மிகவும் கடினம். வெளியில் கிடந்தால் திருடிவிடுவார்கள் என்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: தேதியோடு, உங்கள் பெயரோடு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கும் ஆய்வைத் திருடுவதுதான் கடினம். அலமாரியில் இருப்பதைத் திருடினால் கண்டுபிடிக்க ஆளில்லை.

ஏற்றுவது நீங்கள் அல்ல. பல்கலைக்கழகத்துக்கும் இன்ஃப்ளிப்நெட்டுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கும். அதன்படி அமர்த்தப்பட்ட ஒருங்கிணைப்பாளர், பெரும்பாலும் நூலகர், தம் கணக்கில் நுழைந்து ஏற்றுவார். அவருக்குத் தர வேண்டியவை: பிரித்த பிடிஎஃப்கள், விவரத்தரவு அடங்கிய ஒரு வேர்ட் கோப்பு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், ஒப்புமை அறிக்கை. விவரத்தரவைக் கையால் எழுதிக் கொடுத்தால் அங்கே யாரோ ஒருவர் மறுபடி தட்டச்சு செய்வார், பிழை அங்கே புகும். பென் டிரைவில் கொடுத்தால் முதலில் வைரஸ் சோதனை செய்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் சொன்ன திருத்தங்கள் சேர்ந்த படிதானா என்று முகப்பில் இருந்து ஒருமுறை புரட்டுங்கள். தேர்வுக்கு முன் கொடுத்த பழைய படியே ஏறிவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

ஏறியபின் ஹேண்டில் முகவரி ஒன்று கிடைக்கும். அதில் 10603 என்பது ஷோத்கங்காவின் எண், சாய்கோட்டுக்குப் பின் வருவது உங்கள் ஆய்வேட்டின் எண். மேற்கோளிலும் தன்விவரத்திலும் இந்த முகவரியைக் கொடுங்கள், உலாவியின் மேல்பட்டையில் இருப்பதை அல்ல. சர்வர் மாறினாலும் ஹேண்டில் மாறாது. பிறகு ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். மூன்றாம் இயல் இரண்டு முறையும் நான்காம் இயல் ஒருமுறைகூட இல்லாமலும் இருக்கலாம். பிழை கண்டால் காந்திநகருக்கு எழுத வேண்டாம், உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் ஹேண்டில் எண்ணையும் எந்தக் கோப்பு என்பதையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். பட்டச் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே இதைச் செய்துவிட்டால் வேகமாக நடக்கும்.